தேங்காய்ப்பட்டணம் முதல் திருச்சாரணம் வரை

மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் கோதையாறும் பறளியாறும் மூவாற்றுமுகத்தில் ஒன்றுகூடி, குழித்துறை ஆறு என்றும் குழித்துறைத் தாமிரபரணி என்றும் பெயர் பெற்று, விளவங்கோட்டின் தென்னந்தோப்புகளைக் கடந்து தேங்காய்ப்பட்டணத்தில் கடலைச் சேர்கின்றன. ஆறு கடலோடு கலக்கும் இடத்தைப் பொழிமுகம் என்பது அவ்வட்டார வழக்கு. மார்த்தாண்டம், அருமனை முதலிய உள்ளூர்களிலிருந்து மாலை நேரத்தில் குடும்பத்தோடு வந்து காற்று வாங்கிச் செல்வோருக்கு இது ஆரவாரமற்ற கடற்கரை; கன்னியாகுமரிக்குச் செல்லும் பெருங்கூட்டம் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. ஆயினும் இப்பொழிமுகத்திலிருந்து ஆற்றை எதிர்த்து மேலே செல்பவர், ஒரு பகற்பொழுதுக்குள் எட்டிவிடும் தொலைவில், ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த வைதிகக் கல்விச்சாலை ஒன்றின் இருப்பிடத்தையும், சமண மலைப்பள்ளி ஒன்றையும், குடைவரைக் கோயில் ஒன்றையும் அடுத்தடுத்துக் காண முடியும். இவற்றைத் தனித்தனிச் சுற்றுலாத் தலங்களாக அல்லாமல், ஓர் ஆற்றுவழியின் ஒரே வரலாறாகப் படிப்பதே பொருந்தும்.

தேங்காய்ப்பட்டணம் அரபு வணிகரோடு தொடர்பு கொண்டிருந்த பழைய துறைகளுள் ஒன்று. அங்குள்ள கருங்கல் பள்ளிவாசலை, மலையாளக் கரையில் இசுலாத்தைப் பரப்பியவராகக் கருதப்படும் மாலிக் இப்னு தீனாரோடு தொடர்புபடுத்தும் மரபு உண்டு. மணல் திட்டு அடிக்கடி இடம் மாறும் ஆற்றுவாய் சிறு மரக்கலங்களுக்கு ஏற்றதாக இருந்திருக்கலாம். பிற்காலப் பெருங்கப்பல்களுக்கு அது உதவாது. அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் என்ற பெயரில், திருவனந்தபுரத்தைக் கன்னியாகுமரியோடு நீர்வழியால் இணைக்கத் திருவிதாங்கூர் அரசு 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய திட்டம் இவ்வூர் வழியாகவே சென்றது என்றாலும், அது முழுமை பெறாமலே நின்றுபோயிற்று. இவ்வூரில் 1944இல் பிறந்த தோப்பில் முகமது மீரான், ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ நாவலின் வழியே இக்கரை முசுலிம் சமூகத்தைத் தமிழிலக்கியத்துக்குள் கொண்டுவந்தார்.

கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, முன்சிறைக்கு அருகில் பார்த்திவபுரம் உள்ளது. வேணாட்டரசர் தலையெடுக்கும் முன் இப்பகுதியை ஆண்ட ஆய் மரபினருள் ஒருவனான கருநந்தடக்கன், முன்சிறைச் சபையாரிடமிருந்து நிலம் மாற்றிப் பெற்று, அங்கே திருமால் கோயில் ஒன்றை எழுப்பி, அதனோடு ஒரு சாலையையும் நிறுவினான். சாலை என்பது இங்கே பாதையன்று. உணவும் உறைவிடமும் தந்து வேதம் பயிற்றிய நிறுவனம். இதனைக் கூறும் செப்பேடு, திருவனந்தபுரத்து ஹுஸூர் கச்சேரியில், அதாவது திருவிதாங்கூர் அரசின் தலைமை அலுவலகத்தில், இருந்தமையால் ஹுஸூர் அலுவலகச் செப்பேடு எனப் பெயர் பெற்றது. கலியுகத் தொடக்கத்திலிருந்து கழிந்த நாள்களை எண்ணிக் காலம் குறிக்கும் அச்செப்பேடு 14,49,087 என்ற எண்ணைத் தருவதால், கி.பி. 866 என்ற ஆண்டு ஐயத்துக்கு இடமின்றிக் கிடைக்கிறது.

அக்காலக் கல்விச்சாலைகளுள் ஒன்றான காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்ட இச்சாலையில் சட்டர் எனப்பட்ட மாணவர் 95 பேருக்கு இடம் ஒதுக்கப்பட்டது. வேதக் கிளைகளைக் குறிக்கும் சரணம் என்ற பிரிவின்படி, பவிழிய சரணத்தாருக்கு 45, தைத்திரிய சரணத்தாருக்கு 36, தலவகார சரணத்தாருக்கு 14 என அவ்விடங்கள் பகுக்கப்பட்டன. மாணவர் கூடும் இடத்துக்குப் படைக்கலம் கொண்டு வருதல் கூடாது என்ற விதி அச்செப்பேட்டில் இடம்பெறுவது கவனத்துக்குரியது. நடவாத ஒன்றை யாரும் தடை செய்வதில்லை. சேர விரும்புவோர் இலக்கணத்தோடு மூவரசு நாட்டு நிருவாக நடைமுறையும் அறிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்துப் பார்த்தால், இது ஓதுவதற்கு மட்டுமான மடம் அன்று, அரசுப் பணிக்கு ஆளெடுக்கும் இடமும் ஆகும் என்று கொள்ளத் தோன்றுகிறது.

இக்கருநந்தடக்கனை அடுத்து ஆண்ட விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில், அருமனையை அடுத்த சிதறால் மலை புகழின் உச்சியில் இருந்தது. கல்வெட்டுகள் அதனைத் திருச்சாரணத்துமலை என்கின்றன. தவ வலிமையால் வானில் இயங்கக் கூடியவர்களாகச் சமணர் நம்பிய முனிவரே சாரணர். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் இரு பெரும்பாறைகளுக்கு இடையே இயற்கையாக அமைந்த குகையும், அதன் வெளிமுகத்தில் வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் உருவங்களும், படமெடுத்த பாம்பின் கீழ் நிற்கும் பார்சுவநாதரும், சிங்கமும் இரு குழந்தைகளும் அருகிருக்க நிற்கும் அம்பிகை என்ற இயக்கியின் உருவமும் அங்கே உள்ளன. பாறையின் மேலே செங்கல்லால் எழுப்பிய விமானம் சிதைந்த நிலையில் நிற்கிறது.

அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளுள் ஒன்று, வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், பேராயக்குடி அரிட்டநேமி பட்டாரகரின் மாணவியான குணந்தாங்கிக் குரத்தியார் மலைமேலிருந்த பட்டாரியார் என்னும் பெண்தெய்வத்துக்குப் பொன்னணி அளித்ததைப் பதிவு செய்கிறது. குரத்தி என்பது சமணப் பெண்துறவியரான ஆசிரியரைக் குறிக்கும் சொல். பொருள் கையாண்டு கொடையளித்துத் தன் பெயரைக் கல்லில் பொறிக்கும் தகுதி பெற்ற ஒரு பெண் ஆசிரியர், பார்த்திவபுரத்தின் 95 இடங்களுள் ஒன்றைக் கூடப் பெண்கள் கனவு காண முடியாத காலத்தில், ஆற்றின் சற்று மேலே இம்மலையில் இருந்தார் என்பது இவ்வட்டார வரலாற்றில் அழுத்திச் சொல்லத்தக்க செய்தி. அதே வரகுணன் ஸ்ரீமூலவாசத்துப் பௌத்தப் பள்ளிக்கு நிலம் கொடுத்ததைப் பாலியம் செப்பேடு கூறுவதையும் உடன்வைத்து நோக்க வேண்டும்.

13ஆம் நூற்றாண்டளவில் சிதறால் பகவதி கோயிலாக மாறிற்று. சமணர் துரத்தப்பட்டனர் என்றோ, மனமொப்பி ஒப்படைத்தனர் என்றோ உரைப்போர் உண்டு. கல் அந்த இரண்டையும் சொல்லவில்லை. தீர்த்தங்கரர் உருவங்கள் உடைக்கப்படாமல் தத்தம் இடத்திலேயே இருக்க, பெண்தெய்வ வழிபாடு மட்டும் பெயர் மாறித் தொடர்ந்தது என்பதே கண்ணுக்குத் தெரியும் செய்தி. வழிபாடு அறாததால்தான் சிற்பங்களும் பிழைத்தன என்று கருதுவதில் தவறில்லை.

திற்பரப்புக்கு அப்பால் உள்ள திருநந்திக்கரையிலும் இதுவே நிகழ்ந்தது. திருநறுங்கொண்டை மேலைப்பள்ளியைச் சேர்ந்த வீரநந்தி என்ற சமண அடிகள் தங்கித் தவம் செய்த குடைவரை, பின்னர்ச் சிவன் கோயிலாயிற்று. அதன் சுவர்களில் பழைய ஓவியங்களின் கோடுகள் இன்னும் தங்கியுள்ளன. இப்பகுதியை வென்ற முதலாம் இராசராசன், தன் பிறந்தநாளான ஐப்பசிச் சதயத் திருவிழாவை அங்கே நடத்துவதற்கென முட்டம் என்னும் ஊருக்கு மும்முடிச்சோழநல்லூர் எனப் பெயரிட்டு அளித்தான் எனக் கல்வெட்டு கூறுகிறது. அவன் பிறந்த மாதத்தை ஆராய்வோர் தஞ்சையை விட்டு இம்மலையோரத்துக்கு வந்துதான் ஆக வேண்டும்.

கடலையும் மலையையும் கோக்கும் இவ்வழியை ஆண்டுதோறும் கால்நடையாக அளப்பவர்கள் சிவாலய ஓட்டக்காரர்கள். மகா சிவராத்திரிக்கு முந்தைய நாள் முன்சிறைத் திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை எனப் பன்னிரண்டு சிவன் கோயில்களைத் தொட்டு, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் ஓடியும் நடந்தும் திருநட்டாலத்தில் இது முடிகிறது. காவி உடுத்து விசிறி ஏந்தி, சிவன் கோயில்களுக்கு ஓடிக்கொண்டே அவர்கள் எழுப்பும் முழக்கம் “கோவிந்தா, கோபாலா” என்பது. சிவன்பால் மட்டுமே பக்தி கொண்ட, பாதி மனித உருவும் பாதி விலங்குருவும் உடைய புருஷாமிருகம் திருமால் பெயரைக் கேட்டுச் சினந்து பீமனைத் துரத்தியதாகச் சொல்லப்படும் கதை இதற்கு விளக்கமாகத் தரப்படுகிறது. திக்குறிச்சியிலிருந்து திற்பரப்புக்கு ஓடுவோர் சிதறாலையும் அருமனையையும் களியலையும் கடந்து செல்கின்றனர். திருச்சாரணத்துமலை பன்னிரண்டு கோயில்களின் கணக்கில் இல்லை. அதனால் ஓட்டம் அம்மலையின் அடிவாரத்தோடு நேரே அருமனைக்குப் போய்விடுகிறது.