மேற்கோள் கணக்கில் ஒரு கல்கத்தா மருத்துவர்

துணியை மீட்டரிலும் அரிசியைக் கிலோவிலும் அளக்கிறோம். ஒரு விஞ்ஞானியின் பணியை எதைக் கொண்டு அளப்பது? இதற்கும் ஓர் அளவுகோல் இன்று வழக்கில் இருக்கிறது. அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகள் எத்தனை, அக்கட்டுரைகளைப் பிற ஆராய்ச்சியாளர்கள் எத்தனை முறை தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கிறார்கள். வேலை, பதவி உயர்வு, ஆராய்ச்சிக்கான பண உதவி ஆகிய பலவும் பல இடங்களில் இந்த எண்களைப் பார்த்தே முடிவாகின்றன.

இந்த அளவுகோல் எப்படித் தோன்றியது? அது எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் விடுகிறது? காலரா நோயை ஆராய்ந்த சம்பு நாத் தே என்ற கல்கத்தா மருத்துவரின் கதை இதற்கு நல்ல விளக்கம் தரும்.

வக்கீல்கள் தந்த யோசனை

ஆய்வுக் கட்டுரை எழுதுபவர், தமக்கு முன் அத்துறையில் உழைத்தவர்களின் கட்டுரைகளை இறுதியில் பட்டியலிடுவது மரபு. வாங்கிய கடனை ஒப்புக்கொள்வது போன்றது இது. ஒரு கட்டுரையைப் படித்தால் அதற்கு முந்திய ஆராய்ச்சிகளை அறியலாம். ஆனால் அதற்குப் பின் அதைப் பயன்படுத்தியவர் யார் என்பதை அக்கட்டுரையே சொல்ல முடியாது அல்லவா?

அமெரிக்க வக்கீல்களுக்கு இந்தச் சிக்கல் முன்பே தீர்ந்திருந்தது. ஒரு வழக்கின் தீர்ப்பு பின்னர் எந்த எந்த வழக்குகளில் எடுத்துக்காட்டப்பட்டது என்று தெரிவிக்கும் அட்டவணை 1873 முதலே அங்கு இருந்தது. யூஜின் கார்ஃபீல்டு என்பவர் இதே முறையை விஞ்ஞானத்துக்கும் கொண்டுவரலாம் என்று 1955-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார். அவருடைய பிலடெல்பியா நிறுவனம் 1964 முதல் விஞ்ஞான மேற்கோள் அட்டவணையை ஒழுங்காக வெளியிட்டு வந்தது. பொடி எழுத்தில் அச்சான தடித்த தொகுதிகள் அவை. வேண்டிய கட்டுரையைத் தேடிக் கண்டுபிடிக்க உதவுவதே அவற்றின் முதல் நோக்கம். ஆளை அளக்கும் கோலாக அது மாறியது பிற்பாடுதான்.

காலராவின் புதிர்

காலரா கண்டவர் வயிற்றுப்போக்கினால் உடலின் நீரையும் உப்பையும் இழக்கிறார். நோய் கடுமையானால் மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் வெளியேறக்கூடும். சிகிச்சை கிட்டாவிட்டால் சில மணி நேரத்தில் உயிரே போய்விடும்.

இந்நோயின் கிருமியை முதன்முதலில் உருப்பெருக்கியில் கண்டு 1854-இல் எழுதியவர் இத்தாலியின் பிலிப்போ பாச்சினி. அவர் எழுதியதை அக்கால மருத்துவ உலகம் பொருட்படுத்தவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, ஜெர்மானியரான இராபர்ட் காஃக் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து, 1884-இல் அதே கிருமியை உலகறியச் செய்தார். கிருமி ஏதோ ஒரு நச்சைச் சுரக்கிறது என்பது காஃக்கின் கருத்து.

அந்த நச்சு எங்கே? எழுபத்தைந்து ஆண்டுகள் தேடியும் அது தெளிவாக அகப்படவில்லை. கிருமியின் உடலுக்குள்ளேயே இருந்து, கிருமி சிதையும்போது வெளிவரும் ஒரு நச்சைக் காஃக்கின் மாணவர் பைஃபர் 1892-இல் விவரித்தார். பலருடைய கவனமும் அதன் மேலேயே சென்றது. விலங்குகளின் இரத்தக் குழாயிலோ வயிற்றறையிலோ கிருமிச்சாற்றைச் செலுத்திப் பார்த்தார்கள். விலங்குகள் இறந்தன. ஆனால் மனிதனைத் தாக்கும் காலராவின் அடையாளமான நீர்ப்போக்கு ஏற்படவில்லை.

முயலின் குடலில் கிடைத்த விடை

சம்பு நாத் தே 1915-இல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் பிறந்தவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்றார். பிறகு லண்டனில் சர் ராய் கேமரூனிடம் நோய்க்குறியியலில் ஆராய்ச்சி செய்து, 1949-இல் டாக்டர் பட்டத்துடன் தாயகம் திரும்பினார்.

காலரா குடலில் நிகழும் நோய். ஆகவே விடையைக் குடலில்தான் தேடவேண்டும் என்று தே கருதினார். மயக்க மருந்து கொடுத்த முயலின் சிறுகுடலில் ஒரு சிறு பகுதியை இரு முனைகளிலும் நூலால் கட்டினார். கட்டுக்குள் காலராக் கிருமிகளை ஊசியால் செலுத்தினார். மறுநாள் பார்த்தபோது அப்பகுதி நீர் நிறைந்து பலூன்போல் உப்பியிருந்தது! கிருமி செலுத்தாத பகுதிகளில் இம்மாற்றம் இல்லை. டி. என். சாட்டர்ஜியுடன் சேர்ந்து இதை 1953-இல் வெளியிட்டார். ஊசி, நூல், முயல் ஆகியவை போதும். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

இதில் ஒரு விந்தை உண்டு. வயோல், கிரெண்டிரோபுலோ என்ற இருவர் இதையொத்த சோதனையை 1915-லேயே செய்து பிரெஞ்சு மொழியில் வெளியிட்டிருந்தார்கள். அது மறக்கப்பட்டே போயிற்று. காலராவின் சரித்திரத்தில் கவனிப்பாரற்றுப் போன கட்டுரைகளுள் பாச்சினியுடையதை முதலாவது என்றால், இது இரண்டாவது.

தே அடுத்த படிக்குச் சென்றார். கிருமிகளை வளர்த்த நீரை வடிகட்டி, ஒரு கிருமியும் இல்லாத தெளிநீரை மட்டும் முயலின் குடற்கட்டில் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது. ஆகவே கிருமி உயிரோடு இருக்கும்போதே நச்சை வெளியே சுரக்கிறது என்பது உறுதியாயிற்று. தே தனியொருவராக எழுதிய இந்தக் கட்டுரை 1959 மே 30 அன்று 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. அதன் நீளம் இரண்டு பக்கம் கூட இல்லை. இதற்கிடையே 1956-இல், வயிற்றுப்போக்கு நோயாளிகளிடமிருந்து எடுத்த சில கோலைக் கிருமிகளும் முயலின் குடலை இவ்வாறே உப்பச் செய்வதை அவரும் அவருடைய சகாக்களும் காட்டியிருந்தார்கள்.

தாமதமாக வந்த புகழ்

'நேச்சர்' கட்டுரைக்கு உரிய கவனம் உடனே கிடைக்கவில்லை. நச்சைத் தூய்மையாகப் பிரித்தெடுக்கத் தேவையான வசதிகள் தேயிடம் இல்லை. பத்தாண்டுகள் கழித்து 1969-இல், அமெரிக்காவில் ஃபிங்கெல்ஸ்டைன், லோஸ்பலூட்டோ ஆகிய இருவர் அதைச் செய்து முடித்தார்கள். அதன்பின் ஆராய்ச்சி விரைந்தது. நச்சின் ஒரு பகுதி குடற்செல்லின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்கிறது. மற்றொரு பகுதி உள்ளே நுழைந்து, உப்பை வெளியே தள்ளுமாறு செல்லைத் தூண்டுகிறது. உப்பைத் தொடர்ந்து நீரும் வெளியேறுகிறது. இவையெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. குடற்சுவர் அழிந்து போவதில்லை என்பதும் தெளிவாயிற்று. அதனால்தான் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தால் குடல் அதை ஏற்றுக்கொள்கிறது. 1971-இல் வங்க தேச அகதிகள் முகாமில் இந்த எளிய கரைசல் ஏராளமான உயிர்களைக் காத்தது.

தே 1973-இல் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1978-இல் நோபெல் அறக்கட்டளை காலரா பற்றி நடத்திய கருத்தரங்குக்கு அழைக்கப்பட்டார். நோபெல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவருடைய பெயரை அப்பரிசுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை பரிந்துரைத்திருந்தார். ஆனால் சொந்த நாட்டில் எந்தப் பெரிய விருதும் அவரைத் தேடி வரவில்லை. 1985 ஏப்ரலில் அவர் மறைந்தார்.

அதற்கு அடுத்த ஆண்டுதான், மேற்கோள் அட்டவணையைத் தொடங்கிய அதே கார்ஃபீல்டு, காலரா ஆராய்ச்சியின் மேற்கோள்களைப் படமாக வரைந்து ஒரு கட்டுரை எழுதினார். யார் யாரிடமிருந்து எதைப் பெற்றார்கள் என்ற கோடுகளைப் பின்னோக்கித் தொடர்ந்தபோது, அவற்றுள் பல தேயின் சில கட்டுரைகளில் வந்து சேர்ந்தன. 1990-இல் பெங்களூரின் 'கரண்ட் சயன்ஸ்' இதழ் தேயின் நினைவாக ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது. மூன்றாவது முறையும் ஒரு கட்டுரை மறக்கப்பட்டுவிடாமல் காத்ததில் மேற்கோள் கணக்குக்கும் பங்கு உண்டு. ஆனால் அதைப் பார்க்கத்தான் அவர் இல்லை.

எண்ணின் எல்லை

அப்படியானால் மேற்கோள் எண்ணிக்கையை அப்படியே நம்பலாமா? இன்னொரு கட்டுரையைப் பாருங்கள். ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையை ஆலிவர் லௌரி என்ற அமெரிக்க உயிர்வேதியியலாரும் அவருடைய சகாக்களும் 1951-இல் வெளியிட்டார்கள். 2014-இல் எடுத்த கணக்கின்படி அது 3,05,000 முறைக்கு மேல் மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. அன்று அதுவே முதலிடம். ஆனால் அது ஒன்றும் மகத்தான கட்டுரை அன்று என்று சொன்னவர் லௌரியேதான்! அது பயனுள்ள முறை, அனைவரும் பயன்படுத்தினார்கள், அதனால் அனைவரும் குறிப்பிட்டார்கள். ஆகவே மேற்கோள் எண்ணிக்கை பயன்பாட்டின் அளவைச் சொல்கிறது. கண்டுபிடிப்பின் ஆழத்தைச் சொல்வதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஓர் உண்மை பாடப்புத்தகத்தில் ஏறி, எல்லோருக்கும் தெரிந்த செய்தியாகிவிட்டால், அதைக் கண்டவர் பெயரை யாரும் குறிப்பிடுவதில்லை. காலரா நச்சைப் பற்றி இன்று எழுதுபவர்களில் எத்தனை பேர் 1959-ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சுட்டுகிறார்கள்? முழு வெற்றியடைந்த கட்டுரைக்கும் மேற்கோள் குறைவது இயல்பே.

காலமும் கவனிக்க வேண்டியது. 1960-களின் தொடக்கத்தில் ஒரு தேர்வுக் குழு தேயின் மேற்கோள்களை எண்ணியிருந்தால் அவரைப் பற்றி என்ன முடிவுக்கு வந்திருக்கும்? இளம் ஆராய்ச்சியாளர் ஒருவரை மூன்று நான்கு ஆண்டுகளின் எண்களைக் கொண்டு எடைபோடும் இன்றைய வழக்கத்துக்கு இதுவே எச்சரிக்கை. இதழின் புகழைக் காட்டும் எண்ணைக் கொண்டு தனிமனிதரை மதிப்பிடக்கூடாது என்று 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய இதழாசிரியர்களும் வெளியீட்டாளர்களும் ஓர் அறிக்கையே வெளியிட்டார்கள்.

அட்டவணை தேயின் பெருமையைக் காட்டியது உண்மைதான். ஆனால் கார்ஃபீல்டு அங்கே கூட்டுத்தொகையோடு நின்றுவிடவில்லை. எந்தக் கட்டுரை எதற்காகக் குறிப்பிடப்பட்டது என்று சுவடு பிடித்துச் சென்றார். நாளை நீங்கள் ஒரு விஞ்ஞானியின் பெயருக்கு எதிரே ஓர் எண்ணைக் காணும்போது, அது பெரிதா சிறிதா என்று பார்ப்பதோடு நில்லாமல், அவருடைய கட்டுரைகளில் ஒன்றையாவது எடுத்துப் படியுங்கள். தேயின் 'நேச்சர்' கட்டுரையைப் படித்து முடிக்க அரைமணி நேரம் போதும்.