கல்கத்தாவில் பிறந்த தூரம்

1920இல் நாகபுரியில் இந்திய விஞ்ஞான மாநாடு கூடியது. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் பணிப்பாளர் நெல்சன் அன்னண்டேல், கல்கத்தா ஆங்கிலோ இந்தியரின் உடல் அளவீடுகளைத் திரட்டி வைத்திருந்தார். அவற்றை ஆராய்ந்து தரும்படி பிரசிடென்சிக் கல்லூரியின் பௌதிகவியல் ஆசிரியர் ஒருவரை அங்கே கேட்டுக்கொண்டார். அந்த ஆசிரியர்தான் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். இன்று ஒரு நோயாளியின் மூளை இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கிடும் வழிகளில் ஒன்று அந்த வேண்டுகோளிலிருந்து வளர்ந்தது.

இரண்டு மனிதக் குழுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு ஒத்திருக்கின்றன? இதை அளக்க இலண்டனில் புள்ளிவிபரவியலாளர் கார்ல் பியர்சன் ஓர் எண்ணை முன்வைத்திருந்தார். மகலனோபிஸுக்கு அது திருப்தி தரவில்லை. அளக்கப்பட்ட ஆட்களின் தொகை கூடினால் அந்த எண்ணும் கூடிவிடும். அளவீடுகள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதற்கும் அதில் உரிய இடமில்லை. 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவனத்தைத் தொடங்கிய அவர், இன்று மகலனோபிஸ் தூரம் எனப்படும் ‘பொதுமைப்படுத்திய தூரம்’ என்ற அளவை 1936இல் வெளியிட்டார்.

அதன் அடிப்படைக் கருத்து எளியது. ஒருவர் சற்று உயரமானவர் என்றால் வியப்பில்லை. சற்று எடை குறைந்தவர் என்றாலும் வியப்பில்லை. ஆனால் உயரம் கூடினால் பொதுவாக எடையும் கூடும் என்பதால், இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது அபூர்வம். தனித்தனியே பார்த்தால் தப்பிவிடும் இந்த விலகலை மகலனோபிஸ் தூரம் பிடித்துவிடுகிறது.

1941இல் அந்த நிறுவனத்தில் சேர்ந்த சி. ஆர். ராவ், 1946இல் கேம்பிரிட்ஜ் சென்றார். சூடானின் ஜெபல் மோயாவில் தோண்டியெடுத்த எலும்புகளின் அளவீடுகளை இதே தூரத்தைக் கொண்டு ஆராய்ந்தார். மனிதரை இனம் பிரித்துப் பார்த்த காலத்துக் கேள்விகளுக்காகப் பிறந்த கணக்கு, இவர்கள் கையில் எந்தத் துறைக்கும் உதவும் கருவியாயிற்று.

மூளைப் படமெடுப்பு வேறொரு பாதையில் வந்தது. உடலிலுள்ள நீர் மூலக்கூறுகள் ஓயாமல் அசைகின்றன. மூளையின் வெண்பொருளில் அவை நரம்பு நார்களின் நீளப்போக்கில் இலகுவாகவும் குறுக்கே தடைப்பட்டும் நகர்கின்றன. 1980களின் நடுப்பகுதியில் டெனி லெ பியான், பரவல் எனப்படும் இந்த நகர்வை எம்.ஆர்.ஐ. மூலம் மூளையில் படமாக்கிக் காட்டினார். 1990இல் மைக்கேல் மோஸ்லியின் குழு, இரத்த ஓட்டம் தடைப்பட்ட பூனை மூளையில் ஏற்படும் மாற்றத்தை இந்த முறை மிக விரைவில் காட்டுவதை வெளியிட்டது. 1994இல் பீட்டர் பாசர், ஜேம்ஸ் மத்தியெல்லோ, லெ பியான் மூவரும், பரவல் எந்தத் திசையில் எவ்வளவு என்பதை மூளைப் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் கணிக்க வழி செய்தார்கள்.

பக்கவாதத்தை வைத்தியர் படத்தில் கண்ணாலேயே காணலாம். தலையில் அடிபட்டவரின் நுண்ணிய நார்ச் சேதம் பெரும்பாலும் கண்ணுக்கு எட்டாது. ஆய்வாளர்கள் நோயாளிகள் பலரை ஒரு குழுவாகவும் சுகதேகிகளை இன்னொரு குழுவாகவும் வைத்து ஒப்பிட்டார்கள். ஆனால் வைத்தியர் முன் வந்து அமர்வது குழு அல்ல, ஓர் ஆள். அடிபட்ட இடமும் ஆளுக்கு ஆள் மாறும். குழுவின் சராசரியில் அது மறைந்துபோகும்.

ஓர் ஆளை ஒப்பிடுவதில் இரண்டு பொறிகள் உண்டு. ஒரு இலட்சம் புள்ளிகளை 5 சதவீத எல்லையில் சோதித்தால், எந்த நோயும் இல்லாதவரிடமும் ஏறத்தாழ 5,000 புள்ளிகள் தற்செயலாகவே பழுதுபோலத் தோன்றும். ஒப்பீட்டுக் குழு சிறியதாக இருப்பது இரண்டாவது பொறி. நோயாளி சராசரியிலிருந்து 2 நியம விலகல் தள்ளியிருந்தால், வழமையான கணக்கு அதன் நிகழ்தகவை 5 சதவீதத்துக்குக் குறைவாகச் சொல்லும். ஒப்பிடப்பட்ட சுகதேகிகள் 10 பேர் மட்டுமே என்றால் உண்மையான எண் ஏறத்தாழ 9 சதவீதம். 1998இல் ஜோன் குரோஃபர்டும் டேவிட் ஹவலும் உளவியல் சோதனைகளுக்காக முன்வைத்த திருத்தம் இதைச் சரிசெய்கிறது. அதன் அடிப்படை, கின்னஸ் மதுவடிசாலையில் பணியாற்றிய வில்லியம் கொசெட் 1908இல் சிறு மாதிரிகளுக்காக வகுத்த கணக்கு.

பல பரவல் அளவீடுகளை ஒன்றாகச் சேர்த்து ஓர் ஆளின் விலகலைச் சொல்ல இன்றைய ஆய்வாளர்கள் மகலனோபிஸ் தூரத்தைக் கையாளுகிறார்கள். இங்கும் நிபந்தனை உண்டு: அளவீடுகளின் எண்ணிக்கையைவிடச் சுகதேகிகள் கணிசமாகக் கூடுதலாக இருக்கவேண்டும். இல்லையேல் கணக்கு நிலைக்காது.

பேலியகொடையிலிருந்து களனிப் பாலத்தைத் தாண்டிக் கொழும்புக்கு வந்து ஸ்கேன் எடுக்கும் ஒருவரை எவரோடு ஒப்பிடுவது என்பதே இறுதியில் முக்கியமாகிறது. வயது, பால், ஸ்கேன் இயந்திரத்தின் வகை, அதன் அமைப்பு ஒவ்வொன்றும் இந்த எண்களை மாற்றுகின்றன. வேறொரு நாட்டில், வேறொரு இயந்திரத்தில் எடுத்த படங்களை அப்படியே அளவுகோலாக்கினால், இயந்திர வேறுபாடே நோய்போலத் தெரியக்கூடும். கொழும்பிலும் ராகமையிலும் உள்ள மருத்துவ பீடங்கள், நோயாளிகளைப் படமெடுக்கும் அதே இயந்திரங்களில் பல வயதுச் சுகதேகிகளின் படங்களையும் சேர்த்துப் பேண வேண்டும். தொண்டர்களாக முன்வருவோரும் அதற்குத் தேவை. அந்த ஒப்பீடு இல்லாமல் தனி நோயாளி ஒருவரின் விலகல் எண்ணை நோயின் சான்றாக ஏற்கக் கூடாது.