நிழல் விழுந்த தீவு: இலங்கையில் கிரகண அவதானிப்பு, 1829–2019

இலங்கையின் கிரகண வரலாறு என்றால் பெரும்பாலோர் 1955 ஜூன் 20இல் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். அன்று காலை எட்டு மணி கடந்ததும் கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை உட்படக் கொழும்பு முழுவதும் நிலவின் முழு நிழலுக்குள் போனது. ஆயினும் இத்தீவு வானியலுக்குத் தந்த பெரும் பங்கு அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு மேல் முந்தியது, களம் யாழ்ப்பாணம். அதை உரிய இடத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிரகணத்தைக் கணிப்பது நம்மவர்க்குப் புதிதன்று. 1825இல் தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கர் ஒருவர் கிளிஞ்சல்களைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை வானியலாளர் ஜோன் வாரன் பதிவுசெய்தார். தொடக்க நேரம் பிசகியது நான்கு நிமிடம்தான். முடிவு நேரத்தில் பிழை மிகுதி. நான்கு ஆண்டு கழித்து, 1829 மார்ச் 20 சந்திர கிரகணத்துக்கு வண்ணார்பண்ணைப் பஞ்சாங்கம் சொன்ன நேரத்தையும் மறைவின் அளவையும் மிஷனரிமார் நடத்திய வட்டுக்கோட்டை செமினறியினர் தங்கள் கணக்கோடு ஒப்பிட்டனர். செமினறியின் கணக்கே சரியாக வந்தது. மிஷனரிமார் இதைச் சைவத்துக்கு எதிரான சான்றாக்கியது நியாயமற்றது. பிழைத்தது பழைய வாய்பாடு, சமயம் அன்று. எனினும் அந்த விவாதத்தால் புதிய வானியல் தமிழில் எழுதப்பட்டது. செமினறியைச் சேர்ந்த ஹொய்சிங்ரனின் சோதிசாஸ்திரம் 1848இல் யாழ்ப்பாணத்தில் அச்சாயிற்று.

1871 டிசம்பர் 12 முழுக் கிரகணத்துக்கு வருவோம். 1868இல் குண்டூரில் ஜான்சென் முதலியோர் செய்த நிறமாலை ஆய்வால், சூரிய விளிம்பில் தெரியும் செந்நிறப் பிழம்புகள் சூரியனுக்கு உரிய வாயுக்களே என்று தெளிவாகிவிட்டது. அவற்றுக்கு வெளியே விரியும் வெண்ணிற ஒளிவட்டம் எதற்கு உரியது என்பதே மிஞ்சிய கேள்வி. பூமியின் காற்றில் சிதறும் ஒளி என்றும் சிலர் வாதித்தனர். நோர்மன் லொக்கியரின் பிரித்தானியக் குழு 'மிர்சாபூர்' கப்பலில் காலித் துறைமுகம் வந்து பிரிந்தது. லொக்கியர் மலபார்க் கரையின் பேக்கலுக்குச் சென்றார். பின்னாளில் 'சலஞ்சர்' ஆய்வுக் கப்பலில் புகழ்பெற்ற மோஸ்லி திருகோணமலைக்குப் போனார். யாழ்ப்பாணத்தில் இலங்கை நில அளவையாளர் நாயகம் ஃபயர்ஸும், கப்டன் டப்மனும், படமெடுக்கும் பொறுப்பேற்ற கப்டன் ஹொக்கும் இருந்தனர்.

முழுமறைப்பு ஏறக்குறைய இரண்டே நிமிடம். அக்காலப் படத்தகடு கண்ணாடியில் கொலோடியன் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் ஒளிகாட்டிக் கழுவ வேண்டியது. முன்கூட்டியே செய்து அடுக்கிவைக்க வழியில்லை. யாழ்ப்பாண வெக்கையில் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும்? அப்படியும் ஹொக் படங்களை எடுத்துவிட்டார். அறுநூறு கிலோமீற்றர் தள்ளி, சில நிமிட வித்தியாசத்தில் பேக்கலில் எடுத்த படங்களோடு வைத்துப் பார்த்தபோது ஒளிவட்டத்தின் கதிர்களும் இடைவெளிகளும் பொருந்தின. இரண்டு ஊர்க் காற்றும் ஒரே உருவத்தை வரையாது. ஆகவே அந்த ஒளி சூரியனுடையதே. அதே நாளில் நீலகிரியில் ஜான்சென் கண்ட கருங்கோடுகளும் இம்முடிவுக்கு வலுச் சேர்த்தன. ஒற்றை ஊர்ப் படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இதை நிறுவியிராது. யாழ்ப்பாணத் தகடுகளின் பெறுமதி அதில்தான் இருக்கிறது.

1955 கிரகணம் இருபதாம் நூற்றாண்டிலேயே மிக நீண்டது. அதிகபட்சம் 7 நிமிடம் 8 விநாடி. 1919இல் ஐன்ஸ்டைன் கொள்கையைச் சோதித்த கிரகணத்துக்கு, 18 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் சாரோஸ் வரிசையில் இரண்டு சுற்றுப் பிந்தியது. தென்மேற்குப் பருவமழைக்குத் தப்பலாம் என்று வறண்ட வலயத்தின் பொலன்னறுவையையும் ஹிங்குராக்கொடையையும் பல நாட்டு அறிஞர்கள் தெரிந்தெடுத்தனர். முகில் மூடிவிட்டது. மாதக்கணக்கான ஆயத்தம் வீணானது. இதே நாளோடு இன்னொரு நினைவும் ஒட்டியிருக்கிறது: கிரகண வேளையில் வசம்பு அரைத்துக் குடித்தால் மேனி சிவக்கும் என்ற வதந்தியை நம்பிய பெண்கள் பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். வெள்ளைத் தோலை அழகென்று சொல்லிக்கொடுத்த சமூகம்தான் அந்தத் துன்பத்துக்குப் பொறுப்பு.

  

போர் முடிந்த சில மாதங்களில், 2010 ஜனவரி 15இல், யாழ்ப்பாணத்தில் பத்து நிமிடம் வளையக் கிரகணம் நிலைத்தது. தெற்கிலிருந்தும் ஆர்வலர்கள் வந்து பார்த்தனர். 2019 டிசம்பர் 26 வளையக் கிரகணத்தின் பாதை காசர்கோடு, யாழ்ப்பாணம், திருகோணமலை என்று 1871இன் தடத்தையே ஏறத்தாழப் பின்பற்றியது. வளையக் கிரகணத்தில் ஒளிவட்டம் தெரியாது. அதற்கு ஹொக்கின் படங்களைத்தான் பார்க்க வேண்டும். அப்படங்களைப் பற்றிய ஆய்வு ரன்யார்ட் தொகுத்து 1879இல் வெளியான ரோயல் வானியல் கழகத்தின் 41ஆம் தொகுதியில் உள்ளது. 2031 மே 21இல் அடுத்த வளையக் கிரகணம் வட இலங்கைக்கு வருமுன், அந்தத் தொகுதியின் யாழ்ப்பாணப் பக்கங்கள் தமிழ்க் குறிப்புகளோடு நம் பாடசாலைகளுக்குக் கிடைக்க வேண்டும்.