மரப்பாவையும் பாடுபட்ட சுரூபமும்

நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் திருவள்ளுவர் ஒரு மரப்பாவையைக் காட்டுகிறார். உள்ளத்தில் நாணமற்ற மாந்தரின் நடமாட்டம், கயிற்றால் ஆட்டப்படும் பாவை உயிருள்ளதுபோல் நம்மை மயக்குவதை ஒத்தது என்பது அவர் கருத்து. தஞ்சை, குடந்தைப் பகுதிகளில் இன்றும் வாழும் பொம்மலாட்டம் நம் மண்ணில் எத்துணைப் பழைமையானது என்பதற்கு அக்குறள் சான்று பகர்கிறது. அசைவு வேறு, உயிர் வேறு என்பதையும் அது நமக்கு உணர்த்துகிறது. இவ்வேறுபாட்டையே கருவாகக் கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டு இத்தாலியில் ஒரு சிறுவர் நவீனம் எழுந்தது. அதுவே 2022ஆம் ஆண்டில் பொம்மைகளை ஒவ்வோர் அசைவாக நகர்த்திப் படமெடுக்கும் முறையில் திரைக்கு வந்தது. 'பினோக்கியோ' என்னும் அக்கதையின் பயணத்தைச் சற்றே பின்தொடர்வோம். பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு அதில் கேட்டறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

நவீனத்தின் ஆசிரியர் கார்லோ லொரென்சினி, 1826இல் புளோரன்ஸ் நகரில் பிறந்தவர். தந்தை ஒரு பிரபுவின் இல்லத்தில் சமையற்காரர். தாயின் ஊரான கொல்லோதியின் பெயரையே அவர் தம் புனைபெயராகக் கொண்டார். இளமையில் சில ஆண்டுகள் குருமடத்தில் பயின்றார், ஆயினும் குருவாகவில்லை. 1848, 1859 ஆகிய ஆண்டுகளில் இத்தாலிய விடுதலைப் போர்களில் தொண்டராகச் சேர்ந்து போரிட்டார். பின்னர் இதழாளரானார், பெர்ரோ எழுதிய பிரெஞ்சு தேவதைக் கதைகளைத் தம் மொழியில் பெயர்த்தார். ஐம்பது வயதைக் கடந்த நிலையில், உரோமையிலிருந்து வெளிவந்த சிறுவர் இதழொன்றில் 1881ஆம் ஆண்டு சூலைத் திங்களில் 'ஒரு பாவையின் கதை'யைத் தொடங்கினார்.

அக்கதை தாலாட்டு அன்று. நல்லுரை கூறிய சிள்வண்டைப் பினோக்கியோ சுத்தியலை வீசிக் கொன்றுவிடுகிறான். குளிர் காய நெருப்பருகே உறங்கியவன் தன் பாதங்கள் இரண்டும் கரியாகிப் போனதைக் கண்டு விழிக்கிறான். பதினைந்தாம் அத்தியாயத்தில், நரியும் பூனையும் கொலைஞர் வேடமிட்டு வந்து அவனை ஒரு பெரிய மரத்தில் தூக்கிலிடுகின்றன. தந்தை அருகில் இல்லையே என்ற ஏக்கத்தோடு அவன் கண் மூடுகிறான். ஆசிரியர் கதையை அவ்விடத்திலேயே முடித்துவிட்டார். ஆனால் வாசகர்களான சிறுவர் சிறுமியர் ஒப்பவில்லை; கதை தொடர வேண்டுமென வற்புறுத்தினர். 1882இல் பாவை மீண்டும் உயிர்த்தெழுந்தது. 1883இல் முப்பத்தாறு அத்தியாயங்கள் கொண்ட நூலாக அது வெளிவந்தது.

பிற்பகுதியிலும் இருள் குறையவில்லை. பள்ளியை வெறுத்து விளையாட்டு நாட்டுக்கு ஓடிய சிறுவர்கள் கழுதைகளாக மாறுகின்றனர். பினோக்கியோவின் தோழன் கழுதையாகவே உழைத்து மாய்கிறான். இறுதியில், தன்னைத் தேடிக் கடலுக்குச் சென்ற தந்தை ஜெப்பெட்டோவை ஒரு மாபெரும் சுறாவின் வயிற்றுக்குள் பினோக்கியோ கண்டடைகிறான். அவரைத் தோளில் சுமந்து கரை சேர்க்கிறான். நோயுற்ற தந்தைக்கு ஒரு கோப்பைப் பால் வாங்குவதற்காக நாள்தோறும் நீரிறைக்கும் உருளையைச் சுற்றுகிறான். அந்த உழைப்பும் அன்பும் முதிர்ந்த ஓர் இரவின் முடிவில், அவன் மனிதச் சிறுவனாகக் கண் விழிக்கிறான்.

யோனா நூலையும் ஊதாரி மைந்தன் உவமையையும் அறிந்தவர்களுக்கு இக்கதை புதிதாகத் தோன்றாது. திருச்சபையின் மேய்ப்பர்கள் இருவர் இதனை ஆழ்ந்து கற்றனர். வெனிஸ் நகரின் முதுபெரும் தந்தையாக இருந்த அல்பினோ லூச்சியானி, வரலாற்று மாந்தருக்கும் கதை மாந்தருக்கும் கடிதங்கள் எழுதினார். அவை 1976இல் நூலாயின. அவற்றுள் ஒன்று பினோக்கியோவுக்கு எழுதியது. ஏழு வயதில் அவன் கதையைப் படித்தபோது அவனிடத்தில் தம்மையே கண்டதாக அவர் அதில் நினைவுகூர்கிறார். இரண்டு ஆண்டுகள் கழித்து அவரே திருத்தந்தை முதலாம் யோவான் பவுலாகி, முப்பத்து மூன்று நாள் திருச்சபையை ஆண்டு மறைந்தார். மிலான் நகரின் துணை ஆயராக இருந்து, பின்னாளில் பொலோஞா பேராயராகவும் கர்தினாலாகவும் உயர்ந்த ஜாக்கொமோ பிஃப்பி, 1977இல் இந்நவீனத்துக்கு ஓர் இறையியல் விளக்கவுரையே எழுதினார். படைத்தவரை விட்டு ஓடுதல், தன் வலிமையால் மீள இயலாமை, மேலிருந்து வரும் மீட்பு, இறுதியில் படைத்தவரின் இயல்பிலேயே பங்கு பெற்று மகனாதல் என மீட்பு வரலாற்றின் படிகள் அனைத்தும் இதில் அமைந்துள்ளன என்பது அவர் கண்ட முடிவு. கதையின் தொடக்கத்தில் பேசும் மரக்கட்டையைக் கண்டு அஞ்சி, அதைக் கைகழுவிவிடும் தச்சர் ஒருவர் வருகிறார். மரம் வெறும் மரமே என்று சாதிப்போரின் சின்னமாக அவரைக் கொண்டு, அவருக்கு எதிராகவே தம் நூலுக்குப் பெயரிட்டார் பிஃப்பி.

இனித் திரைக்கு வருவோம். 1940இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் இக்கதையை வரைபடச் சித்திரமாக்கியது. கலையழகு மிக்க படமே. எனினும் சிள்வண்டு பிழைத்து நண்பனாயிற்று, தூக்குமரம் மறைந்தது, கதையின் கசப்பும் பெரிதும் குறைந்தது. நம்மில் பலர் அறிந்தது அந்தப் பினோக்கியோவைத்தான்.

பொம்மைகளைக் கொண்டு எடுக்கும் முறை வேறு. அதனை ஸ்டாப் மோஷன் என்பர். உலோக மூட்டுகள் பொருத்திய பாவையை மயிரிழை அளவு நகர்த்தி ஒரு படம் எடுப்பர்; மீண்டும் நகர்த்தி மற்றொரு படம் எடுப்பர். திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு நிமிடத்துக்கு 1,440 படங்கள் வேண்டும். ஒரு நிலைக்கு இரு படங்கள் என்று சிக்கனமாக எடுத்தாலும் 720 முறை பாவையைத் தொட்டு நகர்த்த வேண்டும்.

இக்கலையின் வேர் நம் நாட்டிலும் உண்டு. தாதாசாகேப் பால்கே, 1910-11 காலப்பகுதியில் பம்பாயில் கிறிஸ்துவின் வாழ்க்கையைக் காட்டிய மௌனப்படம் ஒன்றைக் கண்டார். நம் நாட்டுக் காவியங்களையும் இவ்வாறு திரையில் காட்ட வேண்டுமென அப்போதே உறுதி பூண்டார். 1912இல் தொட்டியில் ஒரு பட்டாணி விதையை நட்டு, அது முளைத்து வளர்வதைப் பல நாட்கள் தனித்தனிப் படங்களாக எடுத்து ஓடவிட்டுக் காட்டினார். அடுத்த ஆண்டு வெளிவந்த 'ராஜா ஹரிச்சந்திரா'வுக்கு அதுவே முன்னோடி. பின்னர் தீக்குச்சிகள் தாமே ஆடுவதாகவும் ஒரு குறும்படம் எடுத்தார். ஆண்டவரின் திருவரலாறு இந்தியத் திரைக்கலையின் பிறப்புக்கும் ஒரு பொறியாயிற்று என்பது நாம் நினைந்து மகிழத்தக்கது.

2022ஆம் ஆண்டின் படத்தை மெக்சிகோ நாட்டவரான கில்லெர்மோ தெல் தோரோவும், 2024இல் காலமான மார்க் கஸ்டாப்சனும் இணைந்து இயக்கினர். கத்தோலிக்கப் பாட்டியின் கண்டிப்பில் வளர்ந்தவர் தெல் தோரோ. 2008இலேயே திட்டம் அறிவிக்கப்பட்டபோதும், இருள் சூழ்ந்த இக்கதைக்கு முதலீடு செய்வார் நெடுங்காலம் கிட்டவில்லை. 2018இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் முன்வந்தது. அமெரிக்காவின் போர்ட்லேண்டிலும் மெக்சிகோவின் குவாதலஹாராவிலும் படப்பிடிப்பு நடைபெற்றது. முதன்மைப் பாவைகள் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியில் உருவாயின. பாவைகள் தயங்கவும் தடுமாறவும் வேண்டும் என்று இயக்குநர் விரும்பினார். பிழையற்ற அசைவில் உயிர் இராது என்பது அவர் எண்ணம். 117 நிமிடம் ஓடும் இப்படம் 2023இல் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது.

நவீனத்தைப் படமாக்கியவர்கள் கதையின் இருளைத் தக்கவைத்தனர். காலத்தையும் முடிவையும் மாற்றினர். முதல் உலகப் போரின்போது ஜெப்பெட்டோ தம் ஊர்க் கோவிலில் பாடுபட்ட சுரூபத்தைச் செதுக்கிக்கொண்டிருக்கிறார். வானூர்தியிலிருந்து விழுந்த குண்டு அவருடைய ஒரே மகன் கார்லோவைக் கொன்றுவிடுகிறது. சுரூபம் ஒரு கை குறைந்தபடியே நின்றுவிடுகிறது. ஆண்டுகள் பல கடந்த ஓரிரவு, துயரமும் மதுவும் மேலிட, மகனின் கல்லறையருகே வளர்ந்த மரத்தை வெட்டிப் பாவையைச் செய்கிறார் தந்தை. இறந்தவனுக்கு மாற்றாகவே பினோக்கியோ பிறக்கிறான். கார்லோவைப் போல் இல்லையே என்ற குறை அவனைத் தொடர்கிறது.

ஒரு ஞாயிறன்று அவன் திருப்பலி நேரத்தில் கோவிலுக்குள் நுழைகிறான். பேய் என்று மக்கள் கூச்சலிடுகின்றனர். பின்னொரு வேளையில் அவன் சுரூபத்தை அண்ணாந்து பார்த்துத் தந்தையிடம் வினவுகிறான்: அவரும் மரத்தால் ஆனவர்தாமே, அவரை விரும்பும் மக்கள் என்னை மட்டும் ஏன் வெறுக்கின்றனர்? இக்கேள்வி கொல்லோதியின் நூலில் இல்லை. மரத்தில் செதுக்கிய கிறிஸ்துவின் முன் முழந்தாளிட்டு எழுந்து, வாசலில் நிற்கும் உயிருள்ள கிறிஸ்துவை விரட்டும் வழக்கம் நம்மிடையே உண்டா என்று அக்கேள்வி வினவுகிறது. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரமும் இதையே கேட்கிறது.

கதை முசோலினியின் இத்தாலியில் நிகழ்கிறது. அனைவரும் பணிந்து நடக்கும் நாட்டில், பணிய மறுக்கும் மரச்சிறுவன் ஒருவனே கயிறு இல்லாதவன். இது வெறும் கற்பனை அன்று. 1926இல் பாசிச அரசு சிறுவர் படையை நிறுவிப் பிள்ளைகளுக்குச் சீருடை அணிவித்தது. பினோக்கியோவையே கருஞ்சட்டைக்காரனாகக் காட்டிய சிறுவர் நூல்களும் வெளிவந்தன. படத்தில் ஊர்ப் பங்குக்குரு அதிகாரியின் பக்கம் சாய்ந்து நிற்கிறார். அதைக் காணும் நமக்கு மனம் உறுத்தும், உறுத்தவும் வேண்டும். எனினும் வரலாற்றை முழுமையாகக் கூறுதல் நன்று. 1929இல் முசோலினி அரசோடு உடன்படிக்கை செய்துகொண்ட திருத்தந்தை பதினோராம் பத்திநாதரே, பிள்ளைகளை முற்றிலும் தனக்கே உரியவர்களாக்க முயன்ற அவ்வரசைக் கண்டித்து 1931இல் சுற்றுமடல் எழுதினார். பிள்ளைகள் எந்த அரசின் உடைமையும் அல்லர்.

படத்தில் இறப்புக்குப் பிந்திய உலகம் காட்டப்படும் விதம் நம் விசுவாசக் கோட்பாட்டோடு பொருந்துவதன்று. ஆயினும் உச்சக்கட்டம் நம்மைத் தொடுகிறது. பினோக்கியோவுக்குச் சாவு நிலைப்பதில்லை. எத்தனை முறை இறந்தாலும் ஒரு கால இடைவெளிக்குப் பின் மீண்டு எழுவான். கடலில் மூழ்கும் தந்தையைக் காக்க அந்த இடைவெளி கூடப் பொறுக்க இயலாமல், தன் சாவாமையையே துறந்து உடனே திரும்புகிறான். தந்தையைக் காத்து உயிர்விடுகிறான். தம்மையே வெறுமையாக்கிய ஒருவரைப் பற்றிப் பிலிப்பியருக்கு எழுதிய புனித பவுலின் சொற்கள் நம் நினைவுக்கு வருகின்றன. மீண்டும் உயிர் பெறும்போது அவன் ஊனும் தசையுமான சிறுவனாக மாறவில்லை, மரமாகவே இருக்கிறான். மாறியவர் ஜெப்பெட்டோ. கார்லோவாக அன்றிப் பினோக்கியோவாகவே அவனை ஏற்றுக்கொள்கிறார். கொல்லோதியிடம் மகன் மனிதனானான். தெல் தோரோவிடம் தந்தை மனிதரானார். இவ்விரண்டு மாற்றங்களும் கூடினாலன்றி ஒரு குடும்பம் நிறைவுறாது.

இவற்றை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் வாழும் நாம் ஏன் எண்ணிப் பார்க்க வேண்டும்? 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது முதல், இப்பகுதியின் ஏரிகளையும் வயல்களையும் சூழ்ந்து ஆலைகள் எழுந்துள்ளன. ஒரே அசைவை ஷிப்டு முழுதும் ஆயிரம் முறை செய்வது எத்தகையது என்பதை நம் பங்கு மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அச்செடுத்தாற்போல் ஒன்றையொன்று ஒத்த பொருள்களை ஆக்குவதே ஆலையின் அறம். ஒன்று வேறுபட்டால் அது கழிவு. அவ்வறம் நம் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வருதல் ஆகாது. அடுத்த வீட்டுப் பிள்ளையைப் போல், மதிப்பெண் குவித்த மூத்தவனைப் போல், நாம் அடைய முடியாமற்போன கனவைப் போல் இரு என்று நம் பிள்ளையை நாம் செதுக்க முனையும்போது, அவன் கார்லோவின் நிழலில் நின்று வாடும் பினோக்கியோ ஆகிறான்.

இருண்ட கதைகள் பிள்ளைகளைக் கெடுக்கும் என அஞ்சும் பெற்றோர் உண்டு. சின்னஞ்சிறு வயதினருக்கு இப்படம் கடுமையானதே. பெற்றோர் அருகிருந்து காட்ட வேண்டிய படம். ஆயினும் அச்சத்தைப் பிள்ளைகளுக்குக் கதை கற்பிப்பதில்லை. இரவுப் பணிக்குச் சென்ற தாய் இன்னும் திரும்பாத வீட்டில் அவர்கள் அதை ஏற்கெனவே அறிந்திருக்கின்றனர். 1881இல் தூக்குமரத்தோடு கதை முடிந்தபோது இத்தாலியச் சிறுவர்கள் எழுப்பிய குரல், இருளை நீக்குக என்பதன்று. இருளோடு முடித்துவிடாதீர் என்பதே. பெரிய வெள்ளியை மறைக்காமல், அதைக் கடந்து உயிர்ப்பு ஞாயிறு வரை பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் திருச்சபைக்கு அக்குரலின் பொருள் விளங்கும்.

தச்சர் ஒருவரின் வீட்டில் வளர்ந்தவர் நம் ஆண்டவர். பன்னிரண்டு வயதில் ஆலயத்தில் தங்கிவிட்ட மகனைத் தேடிக் கண்ட சூசையப்பரும் மரியாளும் அவர் கூறியதை அப்போது புரிந்துகொள்ளவில்லை என்று லூக்கா எழுதுகிறார். புரியாதபோதும் அவர்கள் அவரை வேறொருவராக ஆக்க முற்படவில்லை. நாசரேத்துக்கு அழைத்துச் சென்று, உணவளித்து, அவர் வளர்வதைப் பார்த்திருந்தனர்.