சென்னையில் ஸ்டாண்ட்-அப் காமெடி: மைக் பிடிக்கும் இவங்க எல்லாம் யார்? டிக்கெட் எடுக்கும் முன் தெரிஞ்சுக்கலாம் வாங்க

சனிக்கிழமை சாயங்காலம் டிக்கெட் புக்கிங் ஆப்பைத் திறந்தால் சினிமாவுக்குக் கீழேயே 'காமெடி' என்று தனியாக ஒரு வரிசை வருகிறது. ஒரு போஸ்டர், அதில் நாலைந்து முகங்கள். இரண்டு பேரை ரீல்ஸில் பார்த்த ஞாபகம் இருக்கும், மீதிப் பேர் யாரென்றே தெரியாது. "சினிமா டிக்கெட்டை விட அதிகமா இருக்கே, நம்பிப் போகலாமா?" என்ற கேள்வி நியாயமானதுதான்.

இந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது, போஸ்டரில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் என்ன வேலை, மேடையில் ஒரு வார்த்தை மாறினால் அவர்களுக்கு என்னென்ன ஆகலாம் என்று பார்ப்போம்.

முதலில், இது 'கலக்கப் போவது யாரு' மாதிரியா?

இல்லை. ஆனால் உறவு உண்டு.

தனி ஆளாக மேடையில் நின்று சிரிக்க வைப்பது தமிழுக்குப் புதுசு கிடையாது. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வில்லுப்பாட்டில் செய்ததும், பட்டிமன்ற மேடைகளில் நடுவர்கள் இன்று வரை செய்வதும் அதுதான். கிரேஸி மோகன், எஸ்.வி.சேகர் நாடகங்கள் சபாக்களில் வரிக்கு வரி சிரிப்பு வாங்கின. 2005-இல் விஜய் டிவியில் வந்த 'கலக்கப் போவது யாரு' சிவகார்த்திகேயன் போன்றவர்களைக் கொண்டுவந்தது. சன் டிவியின் 'அசத்தப் போவது யாரு' மதுரை முத்துவை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது.

அப்புறம் என்ன வித்தியாசம்? டிவி மேடையில் மிமிக்ரி, கெட்டப், எல்லோருக்கும் பொதுவான ஜோக் என எல்லாம் கலந்து வரும். மதுரை முத்து சொன்ன ஒரு ஜோக்கை நீங்கள் ஆபீஸில் சொன்னாலும் சிரிப்பு வரும். ஸ்டாண்ட்-அப்பில் அப்படி நடக்காது. அங்கே பேசுபவர் 'நான்' என்று ஆரம்பிக்கிறார். தன் அப்பா, தன் பி.இ. அரியர், தன் விவாகரத்து, தன் சொட்டை. மேக்கப் இல்லை, பின்னணி இசை இல்லை, பக்கத்தில் கவுன்ட்டர் கொடுக்க ஆளும் இல்லை. ஜோக்கைப் பிரித்து எடுத்து இன்னொருவர் சொன்னால் பாதி செத்துப் போகும்.

சென்னைக் கூட்டம் எப்படிச் சேர்ந்தது?

2003-இல் கார்த்திக் குமாரும் சுனில் விஷ்ணுவும் சேர்ந்து 'ஏவம்' என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். ஆங்கில நாடகங்களில் ஆரம்பித்த குழு அது. பின்னாளில் அதிலிருந்தே 'ஏவம் ஸ்டாண்ட்-அப் தமாஷா' என்ற காமெடிக் கிளை பிறந்தது. இன்று நமக்குத் தெரிந்த பல முகங்களுக்கு மைக் கொடுத்த இடம் அது.

கார்த்திக் குமாரை உங்களுக்குத் தெரியும். 'அலைபாயுதே' (2000), 'யாரடி நீ மோகினி' (2008) இரண்டிலும் மாப்பிள்ளையாக வந்து, கதாநாயகி கிடைக்காமல் போகிறவர். சினிமாவில் தனக்கு மாட்டிய அந்த 'நல்ல பையன், ஆனா பொண்ணு கிடைக்காது' முத்திரையையே மேடையில் ஜோக்காக்கியவர். 'பிளட் சட்னி' போன்ற அவருடைய ஷோக்கள் நடுத்தர வர்க்கச் சென்னையைச் சீண்டிப் பார்க்கும் வகை. பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம், நடுநடுவே தமிழ்.

அரவிந்த் எஸ்.ஏ.வும் அதே தலைமுறை. அமேசான் பிரைமில் 2017-இல் வந்த அவருடைய ஷோவின் பெயர் 'மெட்ராசி டா'. வடக்கே 'மெட்ராசி' என்று எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டுவதற்கு ஒரு சென்னைப் பையனின் பதில் என்று தலைப்பிலேயே தெரிந்துவிடும். இதுவும் ஆங்கிலத்தில்தான்.

தமிழுக்கு எப்போது வந்தது?

இந்த இடத்தில் அலெக்ஸாண்டர் பாபுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். இன்ஜினியரிங் படித்தார், அமெரிக்காவில் சாஃப்ட்வேர் வேலை பார்த்தார், அதை விட்டுவிட்டு ஊர் திரும்பினார், யோகா ஆசிரியரும் ஆனார். அவருடைய 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' 2019 நவம்பரில் பிரைமில் வந்தது. தமிழ் சினிமாப் பாட்டுதான் மொத்த ஷோவும். பாடகர் எப்படி மூச்சு விடுகிறார், இளையராஜா பாட்டில் என்ன நடக்கிறது, கிராமத்துச் சர்ச்சில் வளர்ந்த பையனுக்கு இசை எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று பாடிக்கொண்டே சொல்வார்.

அதுவரை 'ஸ்டாண்ட்-அப்னா இங்கிலீஷ் பேசுற பசங்க விஷயம்' என்று ஒதுங்கி இருந்த அப்பா, அம்மா, பெரியம்மா எல்லோரும் அந்த ஷோவை டிவியில் போட்டுப் பார்த்தார்கள். வசைச்சொல் இல்லாமல், பாட்டும் இருந்ததால் குடும்பத்தோடு உட்கார முடிந்தது. இது ஸ்டாண்ட்-அப்பா, கச்சேரியா என்று சிலர் இன்னமும் சண்டை போடுகிறார்கள். கதாகாலட்சேபத்துக்குப் பழகிய ஊரில் இந்தக் கேள்விக்கே பெரிய அர்த்தம் இல்லை என்பது இந்த டெஸ்க்கின் கருத்து.

அடுத்த வருஷம், 2020 செப்டம்பர் 11 அன்று, 'காமிக்ஸ்தான் செம காமெடி பா' பிரைமில் வந்தது. கார்த்திக் குமார், பிரவீன் குமார், ராஜ்மோகன் ஆறுமுகம் மூவரும் நடுவர்கள். அபிஷேக் குமார் ஜெயித்தார். நடுவர்களில் பிரவீன் குமார் பெங்களூரில் இருந்து இயங்குபவர். கல்யாணம், குழந்தை, மாமனார் வீடு என்று போகும் அவருடைய ஷோவுக்குப் பெயரே 'மிஸ்டர் ஃபேமிலி மேன்'. கொரோனாவால் அரங்கமெல்லாம் பூட்டிக் கிடந்த நேரத்தில் தமிழ் ஸ்டாண்ட்-அப் வீட்டுக்குள் வந்தது இப்படித்தான்.

இன்று ஜெகன் கிருஷ்ணன், மனோஜ் பிரபாகர், சியாமா ஹரிணி என்று பெயர்கள் நீண்டுகொண்டே போகின்றன. ஆனால் ஒரு போஸ்டரில் ஐந்து முகம் இருந்தால் அதில் ஒரு பெண் இருப்பதே பல நேரம் அபூர்வம். ராத்திரி பத்து மணிக்கு முடியும் ஷோ, அதற்கப்புறம் வீடு திரும்புவது, 'பொண்ணு இப்படியா பேசுறது' என்று வீடியோவுக்குக் கீழே வரும் கமென்ட். ஜோக் எழுதுவதைத் தாண்டி இத்தனையையும் சேர்த்துச் சமாளித்துவிட்டுத்தான் அவர்கள் மைக் முன்னால் நிற்கிறார்கள்.

தமிழில் ஜோக் சொல்வது கஷ்டமா?

தமிழ் படித்தவர்களுக்கு இது சுவாரசியமான விஷயம். சிரிப்பு வரவழைக்கும் சொல் கடைசியில் வர வேண்டும் என்பது ஸ்டாண்ட்-அப்பின் அடிப்படை விதி. ஆனால் தமிழில் வாக்கியத்தின் கடைசியில் வினைமுற்று வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சும்மா ஒரு உதாரணம். "எங்கப்பா என் பிறந்தநாளுக்கு குக்கர் வாங்கிக் குடுத்தாரு." குக்கர் என்ற சொல்லிலேயே விஷயம் முடிந்துவிட்டது. ஆனால் அதற்குப் பின்னால் 'வாங்கிக் குடுத்தாரு' என்று இரண்டு சொல் இழுக்கிறது. சிரிக்க வந்தவர் அதற்காகக் காத்திருக்க வேண்டும். இதையே "என் பிறந்தநாளுக்கு எங்கப்பா வாங்கிக் குடுத்தது..." என்று நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, "குக்கர்" என்றால் கதை வேறு. நல்ல தமிழ் காமெடியன்களைக் கவனித்துப் பாருங்கள், வாக்கியத்தை இப்படித் திருப்பிப் போடுவதை அவர்கள் யோசிக்காமலே செய்வார்கள்.

போஸ்டரில் யார் யாருக்கு என்ன வேலை?

ஒரு குழு நிகழ்ச்சியில் முதலில் வருபவர் ஹோஸ்ட். 'எல்லாரும் எங்கேருந்து வந்திருக்கீங்க?' என்று ஆரம்பித்துக் கூட்டத்தைச் சூடேற்றுவார். பார்க்கச் சுலபமாகத் தெரியும், ஆனால் இதுதான் கஷ்டமான வேலை. அந்நியர்களாக உட்கார்ந்திருக்கும் ஆட்களை ஒரே கூட்டமாக மாற்றுவது அவர் பொறுப்பு. நடுவில் ஒருவர் சொதப்பினால் ஓடி வந்து அரங்கத்தை மீண்டும் எழுப்புவதும் அவர்தான்.

அடுத்து வருபவர்களுக்கு ஆளுக்குச் சில நிமிட 'ஸ்பாட்'. கடைசியில் வருபவர் ஹெட்லைனர், டிக்கெட் விற்பது அவர் முகத்துக்காக. பேசி முடிக்கும் நேரம் நெருங்கினால் அரங்கத்தின் பின்பக்கத்தில் இருந்து ஒரு விளக்கு மினுக்கும். பெரும்பாலும் யாரோ ஒருவரின் போன் டார்ச்தான். அதைப் பார்த்தும் இறங்காதவர்களுக்குச் சக காமெடியன்களிடம் நல்ல பெயர் கிடையாது.

இத்தனைக்கும் கீழே இருப்பது 'ஓப்பன் மைக்'. ஒரு கஃபேயில், நாலைந்து நிமிடம், யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து ஏறலாம். சம்பளம் பெரும்பாலும் கிடையாது. புதியவர்கள் பயத்தோடு ஏறுவார்கள், பெரிய பெயர்களும் புது ஜோக்கைச் சோதித்துப் பார்க்க வருவார்கள். எழுபது, எண்பது தடவை சொல்லி, வெட்டி, மாற்றித்தான் அந்த ஐந்து நிமிடம் தேறும். மியூசியம் தியேட்டரிலோ நாரத கான சபாவிலோ நீங்கள் பார்க்கும் ஒரு மணி நேரத்துக்குப் பின்னால், யாரும் சிரிக்காத பல செவ்வாய்க்கிழமை ராத்திரிகள் இருக்கின்றன. சிரிப்பே வராமல் இறங்குவதை அவர்கள் பாஷையில் 'பாம் ஆயிட்டேன்' என்பார்கள்.

ஒரு ஜோக்குக்கு ஜெயிலா?

இது பயமுறுத்தச் சொல்வதல்ல, நடந்தது. 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் முனவ்வர் ஃபரூக்கி என்ற காமெடியன் கைது செய்யப்பட்டார். மத உணர்வைப் புண்படுத்தினார் என்று அன்றைய இந்திய தண்டனைச் சட்டம் 295ஏ பிரிவில் வழக்கு. அந்த நிகழ்ச்சியில் அப்படி எதுவுமே பேசவில்லை என்பது அவர் தரப்பு வாதம். உயர் நீதிமன்றம் ஜாமீன் மறுத்தது. உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 5 அன்று இடைக்கால ஜாமீன் கொடுக்கும்வரை, ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். அதே ஆண்டு நவம்பரில் பெங்களூரில் அவர் நடத்த இருந்த ஷோவுக்குப் போலீஸ் அனுமதி கிடைக்காமல் ரத்தானது. இப்போது அதே குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவில் 299-வது பிரிவாக இருக்கிறது.

இன்னொரு வழக்குக்கும் தமிழ்நாட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 2025 மார்ச்சில் குணால் கம்ரா, மகாராஷ்டிர துணை முதல்வர் ஏக்நாத் ஷிண்டேவைக் கிண்டல் செய்து பாடிய வீடியோ வெளியானது. ஷிண்டே தரப்பு சிவசேனா தொண்டர்கள், அந்த ஷோ படமாக்கப்பட்ட மும்பை ஹேபிடட் ஸ்டுடியோவை அடித்து நொறுக்கினார்கள். மறுநாளே மாநகராட்சி ஆட்கள் அங்கே இடிக்கும் வேலைக்கு வந்தார்கள். கம்ரா மேல் வழக்கு. ஆனால் அவர் குடியிருப்பது விழுப்புரம் மாவட்டத்தில்! அதை வைத்து அவர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுக, மார்ச் 28 அன்று இடைக்கால முன்ஜாமீன் கிடைத்தது.

கம்ராவுக்குப் பெயர் இருந்தது, வக்கீல் கிடைத்தார். ஆனால் அந்த ஸ்டுடியோ? நூறு புதுப் பசங்க ஓப்பன் மைக் செய்த இடம் அது. ஒரு மேடை போனால் அடி விழுவது, அடுத்த வாரம் அங்கே நாலு நிமிடம் பேச நினைத்திருந்த, யாருக்கும் பெயர் தெரியாத அந்த ஆளுக்குத்தான். அதனால்தான் பல இடங்களில் அரங்க உரிமையாளரே முன்கூட்டி 'அரசியல் வேண்டாம், சாதி வேண்டாம், சாமி வேண்டாம்' என்று சொல்லிவிடுகிறார். அப்புறம் மீதி இருப்பது மாமியார், ஸ்விக்கி, ஐ.டி. மேனேஜர். ஒரே மாதிரி ஜோக்காகவே வருகிறதே என்று நாம் அலுத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

போனை ஏன் உள்ளே வைக்கச் சொல்றாங்க?

பல பேருக்குக் கோபம் வரும் விஷயம். பணம் கொடுத்துட்டுத்தானே வந்தோம், ஒரு வீடியோ எடுத்தா என்ன?

பாடகருக்கு ஒரு பாட்டு எத்தனை தடவை கேட்கப்படுகிறதோ அத்தனை நல்லது. கச்சேரியில் 'அதே பாட்டு' வேண்டும் என்றுதான் கத்துவோம். காமெடியனுக்கு நேர் எதிர். முடிவு தெரிந்த ஜோக்குக்கு யாரும் சிரிப்பதில்லை. எட்டு மாதம் உழைத்து உருவான ஒரு ஜோக், உங்கள் ஸ்டேட்டஸில் முப்பது விநாடி ஓடினால், அடுத்த வாரம் கோவையில் டிக்கெட் எடுத்தவர் அதற்குச் சிரிக்க மாட்டார். முன்னும் பின்னும் வெட்டிய துண்டு வீடியோ வேறு அர்த்தத்தில் பரவினால் என்ன ஆகும் என்பதற்கு மேலே சொன்ன வழக்குகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யூடியூபில் 'க்ரௌட் வொர்க்' வீடியோக்கள், அதாவது பார்வையாளரோடு அப்போதைக்கப்போது பேசிச் சிரிக்க வைப்பவை, இவ்வளவு வருவதும் இதனால்தான். எழுதிய ஜோக்கைச் செலவழிக்காமல் முகத்தை மட்டும் விளம்பரப்படுத்த அது வழி.

கடைசியாக டிக்கெட் எடுப்பவர்களுக்குச் சில விஷயம். போஸ்டரில் மொழி என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள், 'தமிழ்', 'ஆங்கிலம்', 'தங்கிலீஷ்' மூன்றும் மூன்று விதமான மாலைகள். வயது வரம்பு போட்டிருந்தால் அதைச் சும்மா போடவில்லை, பிள்ளைகளைக் கூட்டிப் போகும் முன் யோசியுங்கள். 'ட்ரையல் ஷோ' என்று இருந்தால் விலை குறைவாக இருக்கும், ஜோக் பாதி வெந்திருக்கும். முன் வரிசையில் உட்கார்ந்தால் உங்களிடம் பேச்சுக் கொடுப்பார்கள். அதற்குப் பதிலாக நீங்களும் ஒரு ஜோக் அடிக்க வேண்டும் என்று அவசியமில்லை, உண்மையான ஊர்ப் பெயரையும் உண்மையான வேலையையும் சொன்னால் போதும், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வேண்டாம் என்று தோன்றினால் நாலாவது வரிசைக்குப் பின்னால் பார்த்து சீட் எடுத்துக்கொள்ளுங்கள்.