தருமபுரித் தண்ணீரும் தாய்மாரின் சர்க்கரையும்

1930களில், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதி உழவர்கள் முதலில் கவலைப்பட்டது மாடுகளுக்காகத்தான். ஏரில் பூட்டிய காளைகள் மூட்டு விறைத்து நடக்க முடியாமல் நின்றன. சில ஆண்டுகளில் மனிதர்களுக்கும் அதே முடக்கம் வந்தது. கிண்டி கிங் நிறுவனத்தின் ஷார்ட்டும் உடன் பணிபுரிந்த மருத்துவர்களும் 1937இல் வெளியிட்ட ஆய்வு, குடிநீரில் மிகுந்திருந்த புளோரைடே காரணம் என்று காட்டியது.

தருமபுரியின் அடிநிலமும் நெல்லூரைப் போலவே பழம்பாறைதான். கிரானைட்டிலும் நைஸ் பாறையிலும் உள்ள கனிமங்களிலிருந்து புளோரைடு நீரில் கரைகிறது. நீர் எவ்வளவு காலம் பாறையோடு தங்குகிறதோ அவ்வளவு கூடுகிறது. கிணறுகள் வற்ற வற்ற மக்கள் போர் போட்டு, பாறையோடு நெடுநாள் தங்கிய ஆழத்து நீரை எடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்று வகுத்த வரம்பைப் பாலக்கோடு, பென்னாகரம் வட்டாரங்களின் பல ஊர்த் தண்ணீர் தாண்டியது. பள்ளிப் பிள்ளைகளின் பற்களில் காவி படிந்தது. பெரியவர்களுக்கு முதுகும் முழங்காலும் வளைந்தன.

இதற்கான விடையாக வந்தது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, ஜப்பானியக் கடனுதவியோடு ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய்ச் செலவில் உருவாகி, 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. காவிரி நீர் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் குழாயில் வந்தது. பல்லையும் எலும்பையும் காப்பதே அதன் நோக்கம்.

அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டில் வேறொரு வரலாறும் நடந்துகொண்டிருந்தது. சென்னை மருத்துவர் வீ. சேஷையா, கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் சர்க்கரைப் பரிசோதனை வேண்டும் என்று பல்லாண்டுகள் வாதாடினார். வெறும் வயிறா, சாப்பிட்ட வயிறா என்று பாராமல் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கலாம். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய். பேருந்து பிடித்து வரும் கிராமத்துப் பெண்ணை வெறும் வயிற்றோடு மறுநாள் வரச்சொல்லாத முறை இது. அதன் அருமை அங்கேதான். அவர் குழு 12,056 பெண்களிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில் நகரத்தில் 17.8 சதவீதத்தினருக்கும், சிறுநகரத்தில் 13.8 சதவீதத்தினருக்கும், கிராமத்தில் 9.9 சதவீதத்தினருக்கும் இந்நோய் இருந்தது. 2007இலேயே தமிழக அரசு இப்பரிசோதனையைக் கட்டாயமாக்கிவிட்டது.

தண்ணீர் பொறியாளர்களிடமும் சர்க்கரை மருத்துவர்களிடமும் தனித்தனியே போயின. இரண்டும் ஒரே பெண்ணின் உடலில் சந்திக்கின்றன என்பதற்கான தடயம் 1993லேயே கிடைத்தது. திரிவேதி, மித்தல், குப்தா, காட்போலே ஆகியோர் ‘டயபெட்டாலஜியா’ இதழில் எழுதிய கட்டுரை, புளோரைடு நோயுற்ற 25 இளையோரைப் பற்றியது. அவர்களில் 40 சதவீதத்தினருக்குக் குளுக்கோஸைத் தாங்கும் திறன் குறைந்திருந்தது. ஆறு மாதம் நல்ல தண்ணீர் குடித்தபின் அக்குறை நீங்கியது. அதற்கு முன்பே அர்ஜென்டினாவில் ரிகாலி குழுவினர், புளோரைடு இன்சுலின் சுரப்பைத் தடுப்பதை எலிகளில் கண்டிருந்தனர்.

அந்த 25 பேரைப் பற்றிய முடிவை அப்படியே கர்ப்பிணிகளுக்குப் பொருத்த முடியாது, எண்ணிக்கையும் சிறிது. ஆனாலும் கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையை மந்தப்படுத்துவதால் கணையம் கூடுதலாகச் சுரந்தாக வேண்டும். அந்த வேளையில் சுரப்பையே தடுக்கும் பொருள் குடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்பது மிகை அன்று.

தண்ணீரோடு இது நிற்கவில்லை. அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் 11,273 பெண்களை ஆராய்ந்த 2007ஆம் ஆண்டுக் கட்டுரை, முதல் மூன்று மாதத்தில் பூச்சிமருந்தைக் கலந்தோ அடித்தோ வேலை செய்தவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் என்றது. இங்கே மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட முடிவு இன்னும் நெருக்கமானது: பூச்சிமருந்தோடு அடிக்கடி புழங்கிய கிராமத்தாரில் 18.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், புழங்காதவர்களில் 6.2 மட்டுமே. பாலக்கோட்டுத் தக்காளிக் காட்டில் வேலை செய்யும் பெண்களை இந்த எண்களோடு சேர்த்தே நினைக்க வேண்டும். வெயிலும் கணக்கில் உண்டு. டொரொன்டோவில் மிகக் குளிர்ந்த நாட்களை எதிர்கொண்ட கர்ப்பிணிகளில் 4.6 சதவீதமாக இருந்த நோய், வெப்ப நாட்களில் 7.7 ஆயிற்று. அங்கே ‘வெப்பம்’ என்பது சராசரி 24 டிகிரி!

கர்ப்பகாலச் சர்க்கரைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் வயது, எடை, குடும்பத்தில் சர்க்கரை. இவை உண்மையான காரணங்களே. ஆனால் இவற்றோடு மட்டும் நின்றால் பழி முழுதும் தாயின் உடல்மேல் விழுகிறது. அவள் பிறந்த ஊரின் பாறையும், கூலிக்குப் போகும் காடும் கண்ணில் படுவதில்லை.

ஒகேனக்கல் தண்ணீர் வந்தபோது பத்து வயதாயிருந்த சிறுமி இன்று கருத்தரிக்கும் வயதில் இருக்கிறாள். எலும்பில் தங்கிய புளோரைடு ஆண்டுக்கணக்கில் மெல்லத்தான் வெளியேறும். போர்த் தண்ணீரில் வளர்ந்தவர்களின் பரிசோதனை முடிவையும், 2013க்குப் பின் பிறந்தவர்கள் தாயாகும்போது வரும் முடிவையும் ஒப்பிடும் வாய்ப்பு தருமபுரிக்கு உண்டு. இன்றே பதியத் தொடங்கினால்தான் அது கைகூடும். குளுக்கோஸ் குடித்துவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்து பெஞ்சில் அவள் காத்திருக்கும் அந்த இரண்டு மணி நேரத்திலேயே செவிலியர் கேட்டு எழுதிவிடலாம்: எந்த ஊரில் வளர்ந்தாள், வீட்டில் குடிப்பது குழாய்த் தண்ணீரா போர்த் தண்ணீரா, மருந்தடித்த காட்டில் எந்த மாதம்வரை வேலைக்குப் போனாள்.