நீர்க்கட்டி முதல் பேனல் பெட்டி வரை

குவைத்தில் நம்மவர்கள் நெருக்கமாக வாழும் அப்பாசியாவிலிருந்து பேசுகிறேன். என் தொழில் நீச்சல் குளங்களின் பம்ப் ரூம் பராமரிப்பு. பழைய கண்ட்ரோல் பேனலைக் கழற்றிப் புதியது மாட்டும் வேலை இப்போது அடிக்கடி வருகிறது. ஒரு பெட்டியை மாற்றுவதில் என்ன வரலாறு இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. அது தெரியாமல் மாற்றினால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

முதலில் தண்ணீரைப் பற்றி. அப்பாசியா அடங்கிய இந்தப் பகுதியின் பெயர் ஜிலீப் அல் சுயூக். ஜிலீப் என்றால் கிணறு. ஷேக்குகளின் கிணறு என்று பொருள். கிணற்று நீர் போதாத காலத்தில் ஷத் அல் அராப் ஆற்றிலிருந்து பாய்மரக் கப்பல்களில் குவைத்துக்குக் குடிநீர் வந்தது. 1953-ல் ஷுவைக்கில் கடல்நீரைக் காய்ச்சி நன்னீராக்கும் அரசு நிலையம் இயங்கத் தொடங்கியது. நாளொன்றுக்குச் சுமார் 10 லட்சம் கேலன். ஆற்றில் இருந்து வந்த தண்ணீர் அதன் பிறகு கடலில் இருந்து வந்தது. அவ்வளவு செலவில் கிடைக்கும் தண்ணீரைக் குளத்தில் நிரப்பிவிட்டு, அழுக்கானதும் திறந்துவிட முடியுமா? அதே தண்ணீரைச் சுத்தப்படுத்திச் சுற்றவிட வேண்டும். வெயிலோ கொஞ்சமல்ல. 2016 ஜூலை 21 அன்று இங்குள்ள மித்ரிபாவில் 53.9 டிகிரி பதிவானது. வெயில் பட்டால் தண்ணீரில் உள்ள குளோரின் வேகமாக அழியும்.

தண்ணீரைக் கட்டுப்படுத்த ஓர் ஆளை வைப்பது நமக்குப் புதிதல்ல. நம் ஊர் ஏரிகளில் மதகும் குமிழித்தூம்பும் இருந்தன. அவற்றைத் திறந்து மூட நீர்க்கட்டி என்றொருவர் இருந்தார். எந்த மடையை எவ்வளவு நேரம் திறப்பது, எந்த வயலுக்கு முதலில் பாய்ச்சுவது என்பதெல்லாம் அவர் மனதில் இருந்த கணக்கு. அவர் போனால் அந்தக் கணக்கும் போய்விடும்.

நீச்சல் குளத்திலும் தொடக்கத்தில் எல்லாம் ஆளின் கையில்தான் இருந்தது. தண்ணீரை நிரப்புவார்கள், கலங்கியதும் வடித்துவிட்டு மீண்டும் நிரப்புவார்கள். 1910-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகக் குளத்தில் குளோரின் மருந்து போட்டுக் கிருமிகளை அழித்துக் காட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் டென்மார்க்கில் சோரன்சன் என்ற விஞ்ஞானி பி.எச். என்ற அளவை உருவாக்கியிருந்தார். அமிலம், காரம் இரண்டின் அளவையும் ஒரே எண்ணில் சொல்லும் முறை அது. இன்றும் குளத்து நீரின் பி.எச். 7.2 முதல் 7.8-க்குள் இருக்க வேண்டும் என்கிறோம். இதைவிட உயர்ந்தால் குளோரின் இருந்தும் சரியாக வேலை செய்யாது. குறைந்தால் கண் எரியும், குழாய் அரிக்கும்.

முதலில் ஒருவர் சிறு கண்ணாடிக் குழாயில் நீர் எடுத்து, நிறம் பார்த்து, வாளியில் மருந்து கலந்து ஊற்றினார். பிறகு பம்பை ஓட்டவும் நிறுத்தவும் டைமர் வந்தது. அடுத்து ரிலேக்கள் அடுக்கிய பேனல் வந்தது. கார் தொழிற்சாலைகளில் ஒவ்வொரு புது மாடலுக்கும் இந்த ரிலே பேனல்களை மறுபடி வயரிங் செய்வது பெரும் தொல்லையாக இருந்தது. 1968-ல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் மாற்று வழி கேட்டது. டிக் மார்லி குழுவினர் மோடிகான் 084 என்ற கருவியைக் கொடுத்தார்கள். அதில் வயரை மாற்றத் தேவையில்லை, புரோகிராமை மாற்றினால் போதும். அந்த வழிமுறை படிப்படியாகக் குளத்து பம்ப் ரூமுக்கும் வந்து சேர்ந்தது. இன்று சென்சார் பி.எச். அளவைப் படிக்கிறது, டோசிங் பம்ப் தானே ஆசிடையும் குளோரினையும் செலுத்துகிறது.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. ஆசிடும் குளோரின் கரைசலும் நேரடியாகக் கலந்தால் விஷவாயு உண்டாகும். பெரிய பம்ப் ஓடி, தண்ணீர் வேகமாகப் போகும்வரை இரண்டும் நீர்த்துப்போகும். பம்ப் நின்றும் டோசிங் நிற்காவிட்டால் இரண்டும் குழாய்க்குள் சேர்ந்து தேங்கும். பம்பை மீண்டும் போட்டதும் அந்த வாயு குளிக்கிறவர்கள் நடுவே வெளியே வரும். இதைத் தடுக்கக் குழாயில் ஃப்ளோ சுவிட்ச் இருக்கும். ஓட்டம் நின்றால் டோசிங்கும் நிற்க வேண்டும். பல நாடுகளில் இது வேலை செய்யாததால் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள்.

சால்மியாவில் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில் பழைய பேனலைத் திறந்தபோது இதை நேரில் கண்டேன். ஃப்ளோ சுவிட்ச் பழுதான ஒரு நாளில் யாரோ ஒரு துண்டு வயரால் அதை நேராக இணைத்து, குளத்தை ஓட விட்டிருக்கிறார். அந்த ஆள் ஊருக்குப் போய்விட்டார். எழுதி வைத்த தாள் இல்லை. பழைய வயரைப் பார்த்து அப்படியே புதிய பேனலில் ஏற்றியிருந்தால் அந்த ஆபத்தும் சேர்ந்தே ஏறியிருக்கும். புது சுவிட்ச் போட்டு, பம்பை நிறுத்தி டோசிங் நிற்கிறதா என்று மூன்று முறை பார்த்த பிறகே குளத்தைத் திறக்கச் சொன்னேன்.

இந்தத் தொழிலில் இருக்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்று சோதித்த பிறகே பெட்டியில் கை வையுங்கள். கழற்றும் முன் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு வயருக்கும் நம்பர் ஒட்டுங்கள். அது எதற்காக இருக்கிறது என்று கேளுங்கள், காரணம் தெரியாத வயரை அப்படியே நகல் எடுக்காதீர்கள். டைமர் நேரங்களைத் தாளில் எழுதிப் பேனல் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். சென்சார் என்ன காட்டினாலும் தினமும் கையால் ஒருமுறை தண்ணீரைச் சோதியுங்கள். குளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும், பம்ப் நின்றால் மருந்தும் நிற்குமா என்று வாட்ச்மேனிடம் தயங்காமல் கேட்கலாம்.

நீர்க்கட்டியின் கணக்கு அவரோடு போனது. நாம் கற்றதை எழுதி வைத்தால், அடுத்து வருகிறவர் நம்மைத் தேடி ஊருக்கு போன் போட வேண்டியிருக்காது.